கம்பம் பள்ளத்தாக்கும் கேம்பர்லியும்: மன்றம் இல்லாத ஊருறவு

இங்கிலாந்தின் சர்ரே ஹீத் என்னும் உள்ளாட்சிக்குட்பட்ட ஊர் கேம்பர்லி. அந்த உள்ளாட்சி மன்றம் பிரான்சின் சூசி-ஆன்-பிரி, ஜெர்மனியின் பீட்டிக்ஹைம்-பிஸ்ஸிங்கன் ஆகிய நகரங்களோடு முறைப்படி இணை நகர உறவு வைத்திருக்கிறது. ஆனால் கேம்பர்லியின் பெயரைப் பொங்கல்தோறும் நினைத்துக்கொள்ளும் மக்கள் இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக் 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில்தான் இறந்தார். அவர் பிறந்த ஜனவரி 15 வந்தால் லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் விவசாயிகள் திரள்கிறார்கள். தேனியை அடுத்த பாலார்பட்டியில் அவர் படத்தை வைத்துப் பொங்கலிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் சூட்டிய குடும்பங்களும் உண்டு. 2022 செப்டம்பரில் கேம்பர்லியில் அவருக்குச் சிலையும் திறக்கப்பட்டது.

அந்தச் சிலையை நிறுவியது தமிழ்நாடு அரசு. முன்னின்று உழைத்தவர்கள் அங்கே வாழும் தமிழர்கள். கம்பம், கூடலூர், சின்னமனூர், தேனி அல்லிநகரம் என எந்த நகராட்சியும் இந்த உறவில் ஒரு தரப்பாக இல்லை. உலக உள்ளாட்சி வலைப்பின்னல்கள் எதை ஊருக்கு ஊர் உறவு என்று போற்றுகின்றனவோ அது இங்கே நூறாண்டு வேரோடு நிற்கிறது. அதைத் தாங்கத்தான் மன்றம் இல்லை. சிறு நகரங்களின் ஏழ்மையைக் காரணம் காட்டி இதைக் கடந்துபோவது எளிது. தமிழகத்தின் பெருநகரங்களின் கதையைப் பார்த்தால் காரணம் வேறு என்று தெரியும்.

முதலில் அந்த வலைப்பின்னல்களைப் பார்ப்போம். 1913இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் உலக உள்ளாட்சி ஒன்றியம் பிறந்தது. அதன் வழித்தோன்றலான ‘ஐக்கிய நகரங்கள் மற்றும் உள்ளாட்சிகள்’ அமைப்பு 2004 முதல் பார்சிலோனாவில் இயங்குகிறது. சுற்றுச்சூழலுக்காக 1990இல் ‘இக்லி’ தோன்றியது. பெருநகரங்களுக்கு ‘சி-40’ இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி தன் குரலிலேயே உலகோடு பேசவேண்டும் என்பதுதான் இவை முன்வைக்கும் வாதம்.

இனி பெருநகரங்களின் கதை. சென்னை அமெரிக்காவின் டென்வரோடு உறவு பூண்டது 1984இல். அன்று மாநகராட்சிக்கு மன்றமே இல்லை. 1973இல் கலைக்கப்பட்டு 1996 வரை தனி அலுவலர் ஆட்சியில் இருந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நூறு தாங்குதிறன் நகரங்கள் திட்டத்துக்கு சென்னை 2014இல் தேர்வானது. அதற்கான தாங்குதிறன் ஆவணம் 2019இல் வெளிவந்தபோது மீண்டும் மன்றம் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. ஆவணம் வந்த அதே ஆண்டில் அறக்கட்டளையும் அந்தத் திட்டத்தை மூடிவிட்டது. ஆக, சென்னையின் உலக உறவுகள் பெரும்பாலும் ஆணையரின் மேசையில் பிறந்து கோப்பில் முடிந்தவை. பெருநகரத்திடம் ஆணையரும் ஆலோசகர்களும் இருந்ததால் மன்றமின்மை வெளியே தெரியவில்லை. 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேர்கூட இல்லாத தேனி அல்லிநகரத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது.

சட்டமும் இடம் கொடுப்பதில்லை. வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பணிகளில் குடிநீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் உண்டு; பிற ஊர்களோடு உறவாடுவது இல்லை. வெளிநாட்டு நகரத்தோடு கையெழுத்திட வேண்டுமானால் மாநில அரசு வழியாக தில்லியின் இசைவைப் பெறவேண்டும். நகராட்சியின் பெயர் தாளில் ஏறுவதற்குள் காரியம் கைமாறிப் போய்விடுகிறது.

இத்தகைய உறவால் பள்ளத்தாக்குக்கு என்ன பயன்? சிலையோடு முடிவதென்றால் ஒன்றுமில்லை. ஆனால் போடிநாயக்கனூரை எடுத்துக்கொள்வோம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் அது. அங்கே விழும் விலையைத் தீர்மானிப்பதில் குவாத்தமாலாவின் விளைச்சலுக்குப் பெரும் பங்கு. அந்த நாட்டின் கோபான் நகரைச் சுற்றிய மலைகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் ஏலச்செடி போய்ச் சேர்ந்தது; இன்று உலக ஏற்றுமதியில் முன்னிற்பது குவாத்தமாலா. இரு ஊர்களின் ஏலக்காயும் வளைகுடாச் சந்தையில் போட்டியிடுகிறது. பூச்சிமருந்து எச்சம், மழை தவறுதல், மலையேறிப் பிழைக்கும் கூலியாட்கள் என்று பேச இரண்டுக்கும் பொதுச் செய்தி நிறைய. வியாபாரிகள் கோபானின் விலையை விசாரிப்பார்கள்; நகராட்சிக்கு அந்த ஊரோடு தொடர்பு ஏதுமில்லை. சென்னை-டென்வர் சோடியைவிட இந்தச் சோடி பொருத்தமானது என்பது என் கருத்து.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். விடியும் முன்பே கம்பம் மெட்டுச் சாலையில் ஜீப்புகள் ஏறத் தொடங்கும். தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை முடித்து மாலையில் இறங்குவார்கள். அவர்களின் பயணப் பாதுகாப்பு பள்ளத்தாக்கின் நகராட்சிகளுக்கும் குமுளி போன்ற எல்லைக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் பொதுவான பொறுப்பு. ஆனால் எல்லைக்கு இருபுறமும் உள்ள மன்றங்கள் உட்கார்ந்து பேச நிலையான அமைப்பு கிடையாது. முல்லைப் பெரியாறு வழக்கு இரு மாநிலங்களுக்கு இடையே நடந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2014 மே 7 தீர்ப்பு அணையின் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த அனுமதித்தது. அது மாநிலங்கள் பேசவேண்டிய பேச்சு. ஜீப்பும் சோதனைச்சாவடியும் சந்தைக் கழிவும் ஊர்கள் பேசவேண்டியவை. அண்டை ஊரோடு பேச வாயில்லாத மன்றம் பார்சிலோனாவில் போய்ப் பேசும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

உள்ளாட்சி வலைப்பின்னல்கள் வெறும் வெளிநாட்டுச் சுற்றுலா என்ற குற்றச்சாட்டு பழையது. பல இடங்களில் உண்மையும்கூட. ஆனால் மன்றமே இல்லாதபோதும், மன்றம் இருந்தும் அதிகாரம் இல்லாதபோதும் உறவு வேறெப்படி முடியும்? கோவை இக்லியோடும் ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரோடும் கொண்ட தொடர்பு குப்பை மேலாண்மை, எரிசக்தி என்று ஓரளவு காரியத்தில் இறங்கியிருக்கிறது. மாநகராட்சிக்குப் பொறியாளர்கள் இருக்கிறார்கள் என்பது அதன் பலம். தேனி மாவட்டத்தின் ஆறு நகராட்சிகளில் எதற்கும் தனியே அந்தப் பலம் இல்லை.

சேர்ந்து நிற்க வழி இருக்கிறது. அரசியலமைப்பின் 243 இசட்.டி. பிரிவு மாவட்டத் திட்டக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் மாவட்ட ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படவேண்டும். குமுளியோடு பேசவும், கோபானுக்கும் கேம்பர்லிக்கும் கடிதம் எழுதவும் தேனி மாவட்டத்துக்கு ஏற்ற அமைப்பு இதுவே. ஆனால் மாவட்டத்தின் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் கைக்குப் போனபோது, குழுவின் ஊராட்சிப் பங்கு காலியானது. உலக வலைப்பின்னலில் தேனிக்கு இடம் கேட்பவர்கள் முதலில் கேட்கவேண்டியது உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தும்படிதான்.