பிரதியீட்டு முறைத் தொகையிடல்

பிரதியீட்டு முறைத் தொகையிடல் என்பது, நேரடியாகத் தொகையிட இயலாத ஒரு சார்பை, அதிலுள்ள மாறிக்குப் பதிலாக வேறொரு மாறியை அமைத்து, அறிந்த சூத்திரம் ஒன்றின் வடிவுக்குக் கொண்டுவந்து தொகை காணும் நுண்கணித முறையாகும். வகையிடலில் பயிலும் சங்கிலி விதியைத் தலைகீழாகப் பிரயோகிப்பதே இதன் தத்துவம்.

மலேசியாவில் இதன் எளிய வடிவம் ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில், ஒருபடிக் கோவையின் அடுக்கைத் தொகையிடுமிடத்தில் வருகிறது. விரிந்த வடிவம் எஸ்.டி.பி.எம். தேர்வுக் கணிதத்துக்கு உரியது. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி போன்ற ஆறாண்டுப் பள்ளிகளில் எண்ணும் கணக்கும் தமிழிலேயே கற்ற மாணாக்கர், இடைநிலைப்பள்ளி சென்றபின் இதனைப் 'பெங்காமிரான்' (தொகையிடல்) என மலாயில் அமைந்த பாடத்தின் பகுதியாகவே சந்திக்கின்றனராதலின், அவர்களுக்குத் தமிழிலும் ஒரு தெளிந்த விளக்கம் இருத்தல் அவசியம்.

மாறிக்குப் புதுப்பெயர் சூட்டுவதே பிரதியீடு என்று எண்ணுவோர் பலர். அது பிழையான எண்ணம். கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886-இல் திறக்கப்பெற்ற 19.5 மைல் இருப்புப்பாதையைக் கருதுக. மைலுக்கு இவ்வளவு சரளைக்கல் என, இடத்துக்கிடம் மாறும் அளவொன்று தரப்படின், அதனை 0 முதல் 19.5 வரை தொகையிட மொத்தச் சரளை கிட்டும். தூரத்தைக் கிலோமீட்டரில் குறிக்க விரும்புவோர், எல்லைகளை 0, 31.4 என மாற்றுவதோடு அமையாது, மைலுக்குரிய அளவைக் கிலோமீட்டருக்குரியதாக்க 1.609-ஆல் வகுக்கவும் வேண்டும். வகுக்க மறந்தால் மொத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகிவிடும்.

இங்கே வகுக்கும் எண் பாதை நெடுகிலும் ஒன்றே. பொதுவான பிரதியீட்டிலோ அது புள்ளிக்குப் புள்ளி மாறும். எக்ஸ் வர்க்கத்தோடு 1 கூட்டி, அதன் ஐந்தாம் அடுக்கை எக்ஸால் பெருக்கிய கோவையை 0 முதல் 1 வரை தொகையிட வேண்டுமென்போம். எக்ஸ் வர்க்கம் கூட்டல் 1 என்பதை யூ எனக் கொண்டால், யூவின் நுண்கூறு எக்ஸின் நுண்கூற்றைப் போல் இரண்டு எக்ஸ் மடங்காகும். வெளியே நிற்கும் எக்ஸ் அதனுள் அடங்கிவிட, யூவின் ஐந்தாம் அடுக்கில் பாதியை 1 முதல் 2 வரை தொகையிடுவதே எஞ்சும், விடை 5.25. பழைய எல்லைகளை அப்படியே வைத்தவருக்குப் பன்னிரண்டில் ஒன்றே கிடைக்கும். வெளியிலுள்ள எக்ஸ் இல்லாதிருப்பின் இப்பிரதியீடு பயன்படாது. யூவுக்குள் ஒரு வர்க்கமூலம் வந்து புகுந்து கணக்கைக் கடினமாக்கிவிடும். எதனை யூவாகக் கொள்வது என்பதற்கு நிச்சயமான விதி இல்லை. கோவையின் ஒரு பகுதி மற்றொன்றின் வகைக்கெழுவாக நிற்கிறதா என்று தேடுவதே முதற்படி.

இத்தேடலுக்கு மிகவும் அழகிய உதாரணம் மாலுமிகளின் கணக்கில் உள்ளது. வரைபடவியலர் மெர்கேட்டர் 1569-இல் வகுத்த வரைபட முறையில், நிலநடுக்கோட்டிலிருந்து ஓர் அட்சரேகையின் தூரத்தை அறிய, அட்சக் கோணத்தின் சீக்கன்ட்டைத் தொகையிட வேண்டும். கணிதவியலர் எட்வர்டு ரைட் 1599-இல் சீக்கன்ட்டுகளைச் சிறுசிறு இடைவெளியில் கூட்டியே அட்டவணை அமைத்தார். கணிதவியலர் ஜேம்ஸ் கிரிகரி 1668-இல் அத்தொகை மடக்கையாதலை நிறுவினார். இன்று நாம் சீக்கன்ட், டேன்ஜன்ட் இரண்டின் கூட்டுத்தொகையை யூ எனக் கொள்கிறோம். அதன் வகைக்கெழு சீக்கன்ட் பெருக்கல் யூ ஆதலால், தொகை யூவின் இயல்மடக்கையாக ஒரே வரியில் முடிகிறது. சுமார் 3 பாகை வடக்கிலுள்ள கிள்ளான் துறைமுகத்துக்கு இதன் மதிப்பு 0.0524; கோணத்தின் ரேடியன் அளவும் ஏறக்குறைய அதுவே. 60 பாகையிலோ கோணம் 1.047 ரேடியன், தொகை 1.317.