பொட்டிப்புரம் நியூட்ரினோ உணரியின் மின்னணு அமைப்பு

பொட்டிப்புரம் நியூட்ரினோ உணரியின் மின்னணு அமைப்பு என்பது, தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில் பொட்டிப்புரம் அருகே திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் உணரியிலிருந்து வரும் குறிகைகளைப் பதிந்து, செயலாக்கி, சேமிப்பதற்காக வடிவமைக்கப்பட்டது ஆகும். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இத்திட்டத்தை முன்னின்று நடத்துகிறது.

உணரி

50,000 டன் எடையுள்ள காந்தமாக்கப்பட்ட இரும்பு அடுக்குகளுக்கு இடையே ஏறத்தாழ 28,800 கண்ணாடித் தகட்டு உணரிகளை வைப்பது திட்டம். இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் வளிமம் இருக்கும். மின்னூட்டத் துகள் கடக்கும்போது சிறு மின்துடிப்பு உண்டாகும். ஒவ்வோர் உணரியிலும் மேலே 64, கீழே 64 எனப் பட்டைகள் உள்ளன. ஆகவே கவனிக்க வேண்டிய தடங்கள் ஏறத்தாழ 37 இலட்சம்.

வேகமும் மின்திறனும்

நியூட்ரினோ இரும்பில் மோதி உண்டாக்கும் மியூயான் மேலிருந்து வந்ததா, புவியைத் துளைத்துக் கீழிருந்து வந்ததா என்பதை அறிவது இன்றியமையாதது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. மட்டுமே செல்லும். எனவே பத்து அடுக்குகளைக் கடக்கும் துகளுக்கு 3 நானோ நொடியளவே ஆகும். இத்திசையை அறிய ஒவ்வொரு துடிப்பின் நேரத்தையும் ஏறத்தாழ 1 நானோ நொடித் துல்லியத்தில் குறித்தாக வேண்டும்.

வேகமான பெருக்கிச் சில்லுக்குக் கூடுதல் மின்னோட்டம் தேவை. எண்முறைச் சில்லின் இயக்க மின்திறனோ கடிகார அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் கூடும். வீட்டுக் கணினியில் இதனை ஒரு விசிறி சமாளித்துவிடும். இங்கோ ஒரு தடத்திற்கு 50 மில்லிவாட் எனக் கொண்டாலே மொத்தம் 185 கிலோவாட் ஆகிறது. அவ்வளவும் மலைக்குள் உள்ள குகையில் வெப்பமாக வெளிப்படும். வெப்பநிலை மாறினால் கண்ணாடி உணரிகளின் செயல்பாடும் மாறும்.

இதற்கெனத் தனியாக வடிக்கப்படும் சில்லு குறைந்த மின்திறனில் இயங்கும்; ஆனால் வடித்தபின் மாற்ற இயலாது. மீண்டும் நிரல்படுத்தத்தக்க சில்லு கூடுதல் மின்சாரம் கொள்ளும். பிழையைப் பின்னர் திருத்தலாம். இவ்வமைப்பில் இரண்டுமே இடம்பெறுகின்றன. பெருக்கத்திற்கு, செர்ன் உருவாக்கிய நினோ சில்லும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அனுஸ்பர்ஷ் சில்லும் பயன்படுகின்றன. தரவு ஏற்புப் பலகையில் நிரல்படுத்தத்தக்க சில்லும் அதனுள் ஒரு செயலியும் உள்ளன. இதனால் ஒவ்வோர் உணரியும் ஈத்தர்நெட் வலையில் சொந்த முகவரி கொண்ட ஒரு சிறு கணினியாகிறது.

சேமிப்பு

பெரும்பாலான துடிப்புகள் வெறும் இரைச்சலே. அனைத்தையும் சேமிப்பது வீண். அடுத்தடுத்த பல அடுக்குகளில் ஒரே நேரத்தில் துடிப்பு எழுந்தால் மட்டுமே தொடக்கக் குறிகை உருவாகும். அப்போதுதான் தரவு சேமிப்பிற்குச் செல்லும். இந்த விதி தவறாக அமைந்தால், அரிதாக நிகழும் நியூட்ரினோ மோதலும் இரைச்சலோடு சேர்ந்து கைவிடப்படும். அதனைப் பின்னர் மீட்க வழியில்லை.

தற்போதைய நிலை

நடுவண் அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பில் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நீர்வளம், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் குறித்த அச்சத்தால் இப்பகுதி மக்களும் இயக்கங்களும் எதிர்த்தனர். 2018 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. 2022 பிப்ரவரியில், புலிகளின் வழித்தடத்தைச் சுட்டி, தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. குகைக் கட்டுமானம் தொடங்கவில்லை. மதுரையில் 2018 முதல் இயங்கிய 85 டன் எடையுள்ள சிறு மாதிரியில், 20 உணரிகளைக் கொண்டு இம்மின்னணு அமைப்பு சோதிக்கப்பட்டது.