பெயரால் நேர்ந்த பிழை

கண்டி மாநகருக்கு வடக்கே, மகாவலி கங்கைக் கரையில் அமைந்துள்ளது கட்டுகஸ்தோட்டை. மாத்தளையிலிருந்து கண்டிக்கு வரும் பெருவழி இங்கேதான் ஆற்றைக் கடக்கின்றது. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து நடந்து வந்த தொழிலாளர் பலர் மன்னார், தம்புள்ளை, மாத்தளை வழியாகவே மலைநாட்டை அடைந்தனர். வாந்திபேதிக்கும் சீதபேதிக்கும் வழியிலேயே இரையானோர் பலர். அந்நாளில் சீதபேதிக்கு நல்ல மருந்து என்பது உயிர்காக்கும் பொருள்.

அத்தகைய மருந்தொன்று இந்திய மருத்துவத்தில் நெடுங்காலமாக இருந்தது. சரகரும் சுசுருதரும் கூறிய குடஜம், தமிழில் குடசப்பாலை எனப்படும். அதன் பட்டையையும் விதையையும் வைத்தியர்கள் கழிச்சல் நோய்களுக்குக் கொடுத்தனர். 1678இல் வெளிவரத் தொடங்கிய மலையாளத் தாவர நூலாகிய ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ இம்மரத்தைக் ‘கொடகபாலை’ எனக் குறித்தது.

பிழை இதன் பின்னரே நேர்ந்தது. 1670களில் இலங்கையில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராயிருந்த பவுல் ஹெர்மான், செடிகளை உலர்த்திச் சேர்த்து வைத்தார். சிங்கள மக்கள் ‘சுது இத்த’ என்னும் வெண்மலர்ச் செடியும் அவற்றுள் ஒன்று. லின்னேயஸ் இச்செடியையும் மலையாளத்து மருந்து மரத்தையும் ஒன்றெனக் கொண்டு, 1753இல் ‘சீதபேதியை எதிர்ப்பது’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். மருந்தின் புகழ் மற்றொரு செடியின் மேல் ஏறிற்று. இந்த மயக்கம் மருந்துக் கடைக்கும் பரவியது. குடசப்பாலைப் பட்டையோடு, ஆற்றலில்லாத வேறொரு பாலைப் பட்டையும் கலந்து விற்கப்பட்டது. நோய் தீராமையால் ஐரோப்பியர் நல்ல மருந்தையே கைவிட்டனர்.

கட்டுகஸ்தோட்டைக்குச் சில மைல் மேலே, அதே ஆற்றங்கரையில் உள்ளது பேராதனைப் பூங்கா. அதன் தலைவராயிருந்த ஹென்றி டிரைமன், ஹெர்மான் சேர்த்த செடிகள் எவையெவையென ஆராய்ந்து 1887இல் வெளியிட்டார். பழைய பெயர்களின் மயக்கம் இத்தகைய பொறுமையான உழைப்பினாலேயே தீரும்.

மரம் எதுவெனத் தெளிந்தபின், நோய் எதுவென அறிய வேண்டியிருந்தது. 1875இல் லோஷ் என்பார் அமீபாவையும், 1897இல் ஜப்பானியரான ஷிகா ஒரு பாக்டீரியாவையும் கண்டனர். சீதபேதி ஒரே நோயன்று என்பது அதனால் விளங்கிற்று. 1920களில் கல்கத்தாவிலே சோப்ராவும் அவர் குழுவினரும் குடசப்பாலைப் பட்டையை ஆராய்ந்து, அமீபாவால் வரும் நாட்பட்ட சீதபேதியில் அது பயன் தருவதைக் கண்டனர். எனினும் அதன் சாரமாகிய கொனெஸ்ஸின், அளவு மிகின் உறக்கத்தைக் கெடுத்து மனக்குழப்பமும் விளைத்தது. 1966ஆம் ஆண்டளவில் மெட்ரோனிடசோல் வந்தபின் மருத்துவமனைகளில் அதற்கு இடமில்லாது போயிற்று.

முன்னோர் கண்டது பொய்யன்று. ஆயினும் முன்னோர் கூறினர் என்பது மட்டும் சான்றாகாது. எந்த மரம், எந்த நோய், எவ்வளவு மருந்து என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்தபோதே பழைய அனுபவம் அறிவியலாயிற்று. பெயரை மட்டும் நம்பி முற்றத்துச் செடியைக் காய்ச்சிக் குடிப்பவர், லின்னேயஸ் செய்த பிழையையே மீண்டும் செய்கின்றார். அவருடையது ஏட்டில் நேர்ந்த பிழை. இவருடையதோ உடலில் நேரும் பிழை.