கடலுக்கும் ஒரு கணக்குக் கொப்பி



சென்ற மாத நிகழ்ச்சியின் முடிவில், அடுத்த உரை ஆழ்கடல் மீன்பிடி பற்றியது என்று அறிவித்தேன். கலையகத்தை விட்டு வெளிக்கிட முன்னரே ஒரு அம்மா தொலைபேசியில் வந்துவிட்டார். "தம்பி, நீர் கணக்காளர். வருமான வரியைப் பற்றிச் சொன்னால் கேட்கலாம். மீனைப் பற்றி உமக்கென்ன தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலே இந்த உரை.

என் தகப்பனார் ஊரில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். விடியற்காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும், யாருடைய வள்ளம், என்ன மீன், எத்தனை இறாத்தல், என்ன விலை என்று ஒரு நீல மட்டைக் கொப்பியில் எழுதுவார். "எழுதாத மீன் களவுபோன மீன்" என்பார். 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது அந்தக் கொப்பிகளும் வீட்டோடு போய்விட்டன. அவர் சொன்னதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது, அண்டார்டிக்காவைச் சூழ்ந்த தென்கடலின் கதையைப் படித்தபோதுதான்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். நெடுந்தூண்டில் என்பது பல கிலோமீற்றர் நீளமான ஒரு தாய்க்கயிறு. அதில் இடைக்கிடை கிளைக்கயிறுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தூண்டில் முள்ளும் இரையும். பெரிய கப்பலொன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கான முட்களை இறக்கும்.

தென்கடலில் இந்த முறையில் பிடிபடுவது ரூத்பிஷ் என்னும் மீன். ஆயிரம், இரண்டாயிரம் மீற்றர் ஆழத்தில் வாழும். இரண்டு மீற்றர் நீளமும் நூறு கிலோ நிறையும் தாண்டி வளரக்கூடியது. ஐம்பது வருடம் வரை உயிர் வாழும். ஆனால் முட்டையிடும் பருவத்தை அடையவே பல வருடங்கள் எடுக்கும். 1977இல் லீ லான்ற்ஸ் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், இந்தப் பெயரைச் சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று எண்ணி, 'சிலியன் சீ பாஸ்' என்று புதுப்பெயர் சூட்டினார். பெயர் பிடித்துக்கொண்டது, விலையும் ஏறியது. 1980களின் இறுதியில் சோவியத் கப்பல்கள் தென் ஜோர்ஜியாத் தீவைச் சுற்றி நெடுந்தூண்டில் போடத் தொடங்கின. பின்னர் வேறு நாட்டுக் கப்பல்களும் வந்தன.

வரவுப் பக்கம் இப்படி நிரம்பிக்கொண்டிருக்க, செலவுப் பக்கத்தை யாரும் எழுதவில்லை. அதை எழுதியவர்களில் முக்கியமானவர் நைஜல் பிறதர்ஸ் என்ற தஸ்மேனிய உயிரியலாளர். அவர் யப்பானிய சூரை மீன் கப்பல்களில் ஏறி, தூண்டில் இறக்கும்போது நடப்பதைக் கவனித்தார். இரை நீரில் தாழுமுன் அல்பட்ரோஸ் பறவைகள் பாய்ந்து கவ்வும், முள் அலகில் மாட்டும், கயிறு பறவையையும் இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும். தென்கடலில் அந்தக் கப்பல்களால் ஆண்டுக்குச் சுமார் 44,000 அல்பட்ரோஸ்கள் இறக்கின்றன என்று 1991இல் அவர் மதிப்பிட்டு வெளியிட்டார். பெரிய அல்பட்ரோஸ் இனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரேயொரு முட்டைதான் இடும். அப்படிப்பட்ட உயிரினம் இந்த இழப்பை எப்படி ஈடுசெய்யும்?

கணக்காளன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த விடயம் இன்னொன்று. அதே ஆய்வில் பறவைகள் தின்றுவிடும் இரையின் கணக்கையும் அவர் போட்டார். பறவை கொண்டுபோன முள்ளில் மீன் மாட்டாது. ஆகவே அது கப்பல் முதலாளிக்கும் நட்டம். கப்பலின் பின்புறம் ஓர் உயரமான கம்பத்தில் கயிறு கட்டி, அதில் வண்ணப் பட்டிகளைத் தொங்கவிட்டுப் பறவைகளை வெருட்டும் முறையை யப்பானிய மீனவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். தங்கள் இரையைக் காப்பாற்றச் செய்த வேலை, பறவையின் உயிரையும் காப்பாற்றியது.

இந்தக் கடலுக்குப் பொறுப்பான ஓர் ஆணைக்குழு உண்டு. அண்டார்டிக் கடல்வாழ் உயிர்வளங்களைப் பாதுகாக்கும் உடன்படிக்கையின் கீழ் 1982இல் அமைக்கப்பட்டது. தலைமையகம் நமக்குப் பக்கத்தில், ஹோபாட் நகரில்தான் இருக்கிறது. 1991இல் இவ்வாணைக்குழு நெடுந்தூண்டில் கப்பல்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. பட்டிக் கயிறு கட்டவேண்டும். தூண்டிலை இரவில் இறக்கவேண்டும். கயிறு விரைவில் தாழவேண்டும். இறக்கும் வேளையில் மீன் கழிவைக் கடலில் கொட்டக்கூடாது.

விதி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1997இல் தென் ஜோர்ஜியாக் கடலில் மாத்திரம் சுமார் 5,750 பறவைகள் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. இதைச் சொன்னவர்கள் கப்பல் முதலாளிகள் அல்லர். கப்பலில் இருந்து எண்ணிய விஞ்ஞானக் கண்காணிப்பாளர்கள். எண்ணிக்கை கையில் வந்த பிறகு, பறவைகள் குஞ்சு வளர்க்கும் கோடைகாலத்தில் மீன்பிடி நிறுத்தப்பட்டு, பனிக்காலத்துக்குத் தள்ளப்பட்டது. விதிகளும் இறுக்கமாகக் கடைப்பிடிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் இறந்த பறவைகளின் மதிப்பீடு 21. மூன்று வருடத்தில் ஆயிரங்களிலிருந்து இரண்டு பத்துக்கு இறங்கியது. அதற்காக மீன்பிடியை ஒழிக்கவேண்டி வரவில்லை.

ஆனால் மீனின் கணக்கு இன்னும் தீரவில்லை. 1990களின் நடுப்பகுதியில் கடற்கொள்ளையர் போல் கள்ளக் கப்பல்கள் புகுந்தன. வேறு வேறு நாட்டுக் கொடிகள், அடிக்கடி மாறும் பெயர்கள். சட்டத்துக்கு அடங்கிய கப்பல்கள் பிடித்ததைவிடப் பன்மடங்கு மீன் இவற்றினால் அள்ளப்பட்டது. 2003 ஓகஸ்டில் அவுஸ்திரேலியக் காவற்கப்பல் 'வியார்சா 1' என்ற கப்பலை ஹேர்ட் தீவுக் கடலிலிருந்து 21 நாட்கள் துரத்தி, தென் அத்திலாந்திக்கில் பிடித்தது. செய்திகளில் பெரிதாக வந்தது. ஆனால் 2005இல் பேர்த் நீதிமன்றத்தில் பணியாளர் ஐவரும் விடுவிக்கப்பட்டனர். பிடிப்பது ஒன்று, நிரூபிப்பது வேறொன்று.

துரத்தலைவிட அதிகம் சாதித்தது ஒரு காகிதம் என்பேன். 2000 மே மாதத்தில் பிடிப்பு ஆவணத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. எந்தக் கப்பல், எந்தக் கடற்பகுதி, எவ்வளவு நிறை, எந்தத் துறைமுகத்தில் இறக்கியது, யாருக்கு விற்றது என்று ஒவ்வொரு தொகுதி ரூத்பிஷுக்கும் பத்திரம் வேண்டும். கொடி நாடும் துறைமுக நாடும் அதை உறுதிப்படுத்த வேண்டும். பத்திரம் இல்லையேல், திட்டத்தில் சேர்ந்த நாடுகளின் சந்தைக்குள் மீன் போகாது. நாங்கள் அலுவலகத்தில் பற்றுச்சீட்டு இல்லாத செலவை ஏற்க மறுப்பது போலத்தான். பொய்ப் பத்திரங்களும் வந்தன. ஆனால் பொய் எழுதினாலும் அது எழுத்தில் இருக்கும், ஒருநாள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 35 வருடம் முன்னோக்கிப் பார்த்தால், முட்டையிடும் மீன்களின் அளவு, மீன்பிடி தொடங்குமுன் இருந்ததில் பாதிக்குக் குறையக்கூடாது. பிடித்த மீன்களில் சிலவற்றுக்கு அடையாளப் பட்டி கட்டி மீண்டும் கடலில் விடுகிறார்கள். பிறகு எத்தனை திரும்ப மாட்டுகின்றன என்பதை வைத்து இருப்பை மதிப்பிடுகிறார்கள். வட்டியைச் சாப்பிடலாம், முதலைத் தொடக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னதேதான். 2004இல் தென் ஜோர்ஜியா ரூத்பிஷ் மீன்பிடி, நிலைத்த மீன்பிடிக்கான எம்.எஸ்.சி. சான்றிதழைப் பெற்றது.

வெற்றிக் கதை என்று இதோடு முடித்தால் நான் கணக்கை மறைத்தவன் ஆவேன். தென் ஜோர்ஜியாவின் பெரிய அல்பட்ரோஸ்கள் அதன் பின்னரும் குறைந்துகொண்டே போயின. பறவை வேறு கடல்களுக்கும் பறக்கிறது. அங்குள்ள சூரைக் கப்பல்களில் இதே ஒழுங்கு இல்லை. ஆணைக்குழுவில் எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு எடுக்கலாம். 2021இல் ரஷ்யா உடன்படாததால் தென் ஜோர்ஜியா ரூத்பிஷுக்குப் பிடிப்பு வரையறை நிர்ணயிக்க முடியாமல் போயிற்று. முப்பது வருட உழைப்பை ஒரு கை தடுக்கலாம்.

நாங்கள் பிறந்த நாட்டுக்கும் இந்தப் பாடம் வந்து சேர்ந்தது. இலங்கையின் பலநாட் படகுகள் இந்து சமுத்திரத்தில் நெடுந்தூண்டில் போட்டுப் பிடிக்கும் சூரையும் வாள்மீனும் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆழ்கடலில் படகுகளைக் கண்காணிக்கும் ஒழுங்கு போதாது என்று, 2012இல் எச்சரித்த ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இறக்குமதியைத் தடைசெய்தது. கண்காணிப்புச் சீராக்கப்பட்டு 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. அந்த ஒன்றரை வருட நட்டத்தைச் சட்டம் எழுதியவர்கள் சுமக்கவில்லை. கரையில் நின்று ஏலம் கேட்ட ஏழைகளும் படகில் போன பையன்களுமே சுமந்தார்கள்.

அந்த அம்மாவுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அம்மா, மீனைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் எழுதாமல் விட்டால் யாருடைய பங்கு முதலில் காணாமற் போகும் என்று தெரியும். கடலில் அது பேசத் தெரியாத பறவையின் பங்கு, அடுத்தது சின்ன வள்ளக்காரனின் பங்கு, கடைசியில் பிள்ளைகளின் பங்கு. அடுத்தமுறை மீன் கடைக்குப் போனால், இது எங்கே, எப்படிப் பிடித்தது என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாலு பேர் கேட்டால் அவரும் தன் மொத்த வியாபாரியைக் கேட்பார்.

அப்பாவின் நீலக் கொப்பிகள் திரும்பக் கிடைக்காது. அவற்றில் எழுதியிருந்த மீன்களுக்கெல்லாம் சொந்தக்காரன் பெயர் இருந்தது என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.