தராசில் பட்டு, தராசில் உடம்பு

நெசவு ஆய்வகத்திலும் உடற்பருமன் ஆய்வகத்திலும் ஒரே சொல் புழங்குகிறது: ரீகெயின். முன்னதில், முற்றிலும் உலர்த்திய இழை காற்றிலிருந்து மறுபடி இழுத்துக்கொள்ளும் ஈரத்துக்கு அது பெயர். பின்னதில், பாடுபட்டுக் குறைத்த எடை உடம்பில் மறுபடி ஏறுவதற்கு அது பெயர். சொல் ஒன்றாய் அமைந்தது தற்செயல்தான். ஆனால் ஆரணியில் நின்று பார்த்தால் அந்தத் தற்செயலை எளிதில் கடந்துபோக முடியவில்லை. பட்டுக்கும் பெயர் போன ஊர், அரிசிக்கும் பெயர் போன ஊர். கமண்டல நாகநதிக் கரையின் இந்த ஊரிலும், சுற்றியுள்ள சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் நூல் எடை போட்டுத்தான் தறிக்குப் போகிறது. சேலை எடை பார்த்துத்தான் திரும்பி வருகிறது. அதே நெசவாளர் சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போகும்போது அவருடைய உடம்பும் எடை பார்க்கப்படுகிறது. இரண்டு தராசுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலில் இழப்பு. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் போட்டால் அதன் மேலிருக்கும் பசை கரைந்து, எடையில் ஏறத்தாழக் கால் பங்கு போய்விடும். விலை உயர்ந்த பொருளில் கால் பங்கு தண்ணீரோடு போகிறதே என்று எந்தச் சாயப்பட்டறையிலும் யாரும் கலங்குவதில்லை. பட்டின் மினுக்கும் மென்மையும் அதற்குப் பிறகுதானே வெளிப்படுகின்றன. உடம்பின் இழப்பும் விரும்பி ஏற்றதே. 80 கிலோ உள்ள ஒருவர் எட்டு கிலோ குறைத்தால் மூட்டு வலி தணிகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது, படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை. இரண்டு இடத்திலும் போனது சுமை, நின்றது சாரம்.

இதுவரை ஒற்றுமை. அடுத்த அடியிலேயே பாதை பிரிகிறது. பட்டை விட்டுப் போன பசை போனதுதான். எந்த ஈரமும் எந்தப் பருவமும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. உடம்பை விட்டுக் கொழுப்பு போகிறது, கொழுப்பைச் சேர்த்து வைத்த செல்கள் போவதில்லை. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2008இல் இதை ஒரு விந்தையான வழியில் காட்டினார்கள். பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன்-14ஐ அளவுகோலாக வைத்து, கொழுப்புச் செல்களின் வயதைக் கணித்தார்கள். பெரியவர்களின் உடலில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு செல்கள் மடிந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. அறுவைச் சிகிச்சையால் எடை பெருமளவு குறைந்தவர்களிடமும் எண்ணிக்கை மாறவில்லை. செல்கள் சுருங்கியிருந்தன, அவ்வளவே. நெல் தீர்ந்த பிறகும் குதிர் வீட்டு மூலையில் நிற்பது போல அவை நிற்கின்றன.

ஆகவே, மெலிந்த உடம்புக்கு ஒப்புமை தேட வேண்டிய இடம் பசை நீங்கிய பட்டு அல்ல, உலர்ந்த பட்டு. ஒப்பீடு இங்கேதான் செறிவு கொள்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியின் தறிகள் படும் பாடு பலரும் அறிந்தது. தறிக்குழியில் நீர் ஊறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. நூல் ஈரம் ஏறிக் கனக்கும். பட்டு தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. இழையின் குற்றமும் அல்ல, நெய்பவரின் குற்றமும் அல்ல. பட்டின் புரதத்துக்கும் நீருக்கும் உள்ள இயல்பான ஈர்ப்பு அது.

உடம்பு திருப்பி இழுப்பதும் இயல்பினால்தான் என்று சொல்ல மருத்துவத்துக்கு நீண்ட காலம் பிடித்தது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடுமையான உணவுக்கட்டுப்பாட்டில் 50 பேரைப் பத்து வாரம் வைத்துப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியிருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கியிருந்தது. ஓராண்டு கழிந்த பிறகும் இந்த மாற்றங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைகுறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப்பிடித்து ஆராய்ந்தது இன்னொரு குழு. சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அதைவிட வியப்பு, அவர்களுடைய உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல், அந்த உடலளவுக்கு எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. கோடிக் கண்கள் பார்க்க உழைத்தவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ந்த பட்டு ஈரத்தைத் தேடுவது போல மெலிந்த உடம்பு பழைய எடையைத் தேடுகிறது.

இவ்வளவு நெருங்கிய உறவிருந்தும், திரும்பி வரும் எடையை இரண்டு உலகங்களும் எதிர்கொள்ளும் விதம் முற்றிலும் வேறு. இந்த வேறுபாடே இரண்டையும் ஒப்பிட என்னைத் தூண்டியது.

ஈரப் பட்டை எடை போட்டு விற்பவர் தண்ணீரை விற்கிறார், காய்ந்த பட்டை விற்பவர் நட்டப்படுகிறார் என்ற வழக்கு ஐரோப்பியச் சந்தைகளில் நெடுங்காலம் நடந்தது. பிரான்சின் லியோன் நகரில் 1805இல் நெப்போலியனின் ஆணையின்படி இதற்கென்றே பொது எடைநிலையம் ஒன்று ஏற்பட்டது. அந்தத் துறையில் பின்னர் நிலைபெற்ற முறை மிக எளியது. மாதிரியை முற்றிலும் உலர்த்தி எடை பார். அதோடு 11 விழுக்காட்டைக் கூட்டிக்கொள். அதுவே நியாயமான எடை. இன்றும் பட்டுக்கு உலக வணிகம் ஒப்புக்கொண்ட எண் 11தான். இதன் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். திரும்பி வரப்போவதை வருவதற்கு முன்பே கணக்கில் எழுதிவிட்டார்கள். முற்றிலும் உலர்ந்த பட்டு ஆய்வகத்தின் அடுப்புக்குள் மட்டுமே உண்டு, சந்தையில் கிடையாது என்பதையும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

உடம்பின் கணக்கில் அப்படி ஒரு வரி இல்லை. குறைந்த எடைகளிலேயே மிகக் குறைந்த எண்ணை, ஏதோ ஒரு காலையில் வெறும் வயிற்றில் தராசு காட்டிய அந்த எண்ணை, தன் உண்மையான எடை என்று மனிதர் மனதில் எழுதிக்கொள்கிறார். அடுப்புக்குள் இருந்த பட்டின் எடை அது. அதிலிருந்து ஒரு கிலோ ஏறினாலும் அது தோல்வியாகத் தெரிகிறது. முகூர்த்த மாதங்களில் வேலை நெருக்குகிறது, விடியற்கால நடை நிற்கிறது. தறிக்குழியில் கால்கள் மிதியை ஏற்றி இறக்கினாலும், கைகள் நாடாவை ஓட்டினாலும், இடுப்பு பகலெல்லாம் அசையாமல் இருக்கிறது. தட்டில் இருப்பதோ ஊரின் பெருமையான அரிசி. இரண்டு கிலோ ஏறியதும் முதலில் கைவிடப்படுவது தராசுதான். பார்க்கப் பயந்து நாள் தள்ளுகிறார்கள். மறுபடி ஏறி நிற்கும்போது ஆறு கிலோ கூடியிருக்கிறது. எடை ஊக்கத்தைக் கொல்லவில்லை, எடையை எழுதிய முறை கொன்றது என்பது என் துணிபு.

லியோன் எடைநிலையத்துக்கு உடம்பின் உலகில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. அமெரிக்காவில் ரீனா விங் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் தங்கள் எடையில் பத்தில் ஒரு பங்காவது குறைத்திருந்த 314 பேரைச் சேர்த்தார்கள். இன்னும் குறைக்கும்படி யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பகுதியினருக்குச் செய்திமடல் மட்டும் அனுப்பினார்கள். மற்றவர்களை நாள்தோறும் தராசில் ஏறும்படி பழக்கினார்கள். எண்ணுக்கு மூன்று நிறம் கொடுத்தார்கள். தொடக்க எடைக்கு மேல் ஏறத்தாழ 1.4 கிலோ வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள், 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு. மஞ்சளில் என்ன தளர்ந்தது என்று பார்க்க வேண்டும். சிவப்பில் எடை குறைக்கும் பழைய முறையை மீண்டும் தொடங்க வேண்டும். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, வெறும் செய்திமடல் பெற்றவர்களில் 72 விழுக்காட்டினர் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். நேரில் கூடிப் பேசிய குழுவில் அது 46 விழுக்காடு. அந்தப் பச்சை, வணிகர்களின் 11 விழுக்காட்டுக்கு நிகர். இவ்வளவு வரும், வரட்டும் என்று முன்கூட்டியே விட்ட இடம்.

ஆனால் சமநோக்கோடு சொல்ல வேண்டுமானால், ஒப்புமை இங்கே ஓர் எல்லையை முட்டுகிறது. பட்டு வாங்கும் ஈரத்துக்கு உச்சம் உண்டு. தை பிறந்து வெயில் ஏறினால் வாங்கியதைத் தானே விட்டும் விடும். உடம்புக்கு அந்தத் தை கிடையாது. வந்ததைத் தானாக விடாது, எங்கே நிற்கும் என்றும் சொல்லாது. ஆகையால் நெசவாளர் மழைக்காலத்தில் காட்டும் பொறுமையை அப்படியே உடம்புக்கு மாற்ற முடியாது. பச்சையில் பொறுமை நன்று, சிவப்பில் தகாது. அண்மைக்கால ஊசி மருந்தான செமாகுளுடைடும் இந்த இயல்பை மாற்றிவிடவில்லை. அதை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக ஆய்வு சொல்கிறது. அடுப்பிலிருந்து எடுத்த பட்டுக்கு நேர்வதே அங்கும் நேர்கிறது.

திரும்பி வருவது எது என்ற கேள்வியில் எதிர்பாராத இன்னோர் உறவு தென்படுகிறது. பசையாகப் போன கால் பங்கு எடையை ஈடுகட்ட, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் சாயக்காரர்கள் வெள்ளீய உப்பைப் பட்டில் ஏற்றினார்கள். தராசில் கணக்கு நேரானது. கையில் கனமாகவும் இருந்தது. அந்தப் பட்டில் தைத்த உடைகள் இன்று அருங்காட்சியகப் பெட்டிகளுக்குள் தாமாகவே கீறிக் கிழிகின்றன. இனி மனித உடம்பு. 1944, 45இல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில் தாமாக முன்வந்த 36 இளைஞர்கள் தங்கள் எடையில் இழந்ததும் ஏறத்தாழக் கால் பங்கே. மறுபடி உண்ணத் தொடங்கியபோது கொழுப்பு முந்திக்கொண்டு வந்தது, பழைய அளவையும் தாண்டியது. தசை பின்தங்கியே வந்தது. போனது தசையும் கொழுப்பும், வந்தது பெரும்பாலும் கொழுப்பு. தராசு இரண்டையும் ஒரே எண்ணாகக் காட்டும். எனவே எடை திரும்பத் தொடங்கியவர் தராசோடு அளவுநாடாவையும் எடுத்துக்கொள்வது நல்லது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம்மவர்க்கு வகுத்த வரம்பு. தசையைக் காக்கும் உடற்பயிற்சியும் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டிப் பயறும் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகின்றன.

சேலையைத் தராசில் வைத்து எடை சரிபார்க்கிறார்கள். விலையை எடை மட்டும் முடிவு செய்வதில்லை. கோர்வையின் நேர்த்தி, முந்தியின் வேலைப்பாடு, ஜரிகை எல்லாம் சேர்ந்தே விலை. உடம்பிலும் அப்படித்தான் என்பதற்குச் சான்று நம் சென்னையிலேயே கிடைத்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பாய்வு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுக் கணக்கில் பார்த்தது. வழக்கம்போல விட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நடையும் உணவும் திருத்தியவர்களில் 39 விழுக்காட்டினருக்கே வந்தது. திருத்தியவர்களின் எடையோ குறிப்பிடும்படி குறையவே இல்லை. அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பாய்வில் இதன் மறுபக்கம் தெரிந்தது. அங்கே எடை குறைந்தது, பிறகு பெரும்பகுதி திரும்பியும் வந்தது. ஆனாலும் பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்த வீதம் மருந்துப்போலி பெற்றவர்களைவிட 34 விழுக்காடு குறைவாக இருந்தது. ஓரிடத்தில் குறையாத எடை, மற்றோரிடத்தில் திரும்பிய எடை; நடந்த நடை இரண்டிடத்திலும் வீணாகவில்லை. எடை ஏறுகிறதே என்று நடையை நிறுத்த நினைப்பவருக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல செய்தி தெரியாது.

மீண்டும் தொடங்குவது என்ற சொல்லையும் தறியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாவு தீர்ந்ததும் நெசவாளர் தறியைக் காலி செய்வதில்லை. விழுதிலும் அச்சிலும் கோத்தபடி பழைய பாவின் கடைசிப் பகுதியை அப்படியே விட்டு வைப்பார். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் முனையோடு விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகளுக்கும் இது நடக்கும். பாவு பிணைத்தல் என்று இதற்குப் பெயர். முதலிலிருந்து கோப்பதைவிட இது எவ்வளவோ எளிது. எடை திரும்பி, மறுபடி முயலப் புறப்படுகிறவரும் வெறும் தறியில் தொடங்குவதில்லை. எந்த நேரத்தில் தனக்குப் பசி எடுக்கும், எந்தத் தெரு நடக்க ஏற்றது, எந்த உறவினர் வீட்டில் இரண்டாம் முறை சோறு போடுவார்கள் என்பதெல்லாம் முன்பு கோத்த இழைகளாக அவரிடம் நிற்கின்றன.

பிணைத்த இடம் விழுதையும் அச்சையும் தாண்டும் வரை அவசரப்படாமல் இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். அந்தக் கொஞ்சத் துணி சேலையில் சேராது, பிறகு வெட்டிவிடுவார்கள். மறுபடி நடக்கத் தொடங்கியவரின் முதல் மூன்று வாரமும் இப்படித்தான் கழியும், தராசில் ஒன்றும் தெரியாது. முடிச்சுகள் அச்சைக் கடந்த பிறகு நாடா வழக்கம்போல ஓடத் தொடங்கும்.