1952-ல் பிரகாசம் முதல்வர் ஆகியிருந்தால்?

அமெரிக்கர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பழைய ஜனாதிபதி தேர்தல்களின் முடிவை மாற்றிப் போட்டு, அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று கதை கட்டுவது. 2000-ல் புளோரிடாவில் புஷ் ஜெயித்தது வெறும் 537 ஓட்டில். அந்த ஓட்டுகள் கோர் பக்கம் விழுந்திருந்தால் ஈராக் போர் வந்திருக்குமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

நம் ஊரில் இந்த விளையாட்டை ஆடினால் எல்லோரும் முதலில் தொடுவது 1967, விருதுநகர். காமராஜர் 1,285 ஓட்டில் தோற்ற கதை. ஆனால் அவர் ஜெயித்திருந்தாலும் தி.மு.க.வுக்கு ஒரே ஒரு இடம்தான் குறைந்திருக்கும், ஆட்சி மாறியிருக்காது. உண்மையிலேயே பாதை இரண்டாகப் பிரிந்த தேர்தல் 1952-ல் நடந்தது. அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

அன்றைய சென்னை மாகாணத்தில் ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்திருந்தன. சட்டசபையில் மொத்தம் 375 இடம். முதல் பொதுத்தேர்தலில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகள் 62, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35, சுயேச்சைகள் மட்டும் 62! முதல்வராக இருந்த குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றுப் போனார். பக்தவத்சலமும் தோற்றார்.

காங்கிரஸ் அல்லாதவர்கள் ஒன்று கூடி ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று அமைத்து, ஆந்திர கேசரி பிரகாசத்தைத் தலைவராக்கினார்கள். 166 பேர் ஆதரவு இருப்பதாகச் சொல்லி ஆட்சி அமைக்க உரிமை கோரினார்கள். கவர்னர் ஸ்ரீ பிரகாசா அழைத்தது ராஜாஜியை. கவர்னர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், தேர்தலில் நிற்கவே இல்லை. அவரை மேல்சபைக்கு நியமன உறுப்பினராக்கி, 1952 ஏப்ரல் 10-ல் முதல்வராக்கினார்கள். நேருவுக்கே இந்தக் கொல்லைப்புற வழியில் அவ்வளவு திருப்தி இல்லை. பி.ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார், வழக்கு தள்ளுபடியானது.

சரி, கவர்னர் பிரகாசத்தையே கூப்பிட்டிருந்தால்?

'சென்னையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்திருக்கும்' என்பதுதான் வழக்கமான பதில். கணக்குப் போட்டால் அப்படித் தெரியவில்லை. பெரும்பான்மைக்கு 188 வேண்டும், முன்னணி சொன்னதே 166. அந்த 166-ம் ஒரே கொள்கைக்காரர்கள் அல்ல. மேலும் பிரகாசம் எப்படி ஆட்சி நடத்துவார் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் அவர் நடத்திக் காட்டியிருக்கிறார். 1946 ஏப்ரலில் சென்னையின் பிரதமரானார் (அப்போது அந்தப் பதவிக்கு அதுதான் பெயர்). சொந்தக் கட்சிக்காரர்களே 1947 மார்ச்சில் இறக்கிவிட்டார்கள். 1953 அக்டோபரில், கம்யூனிஸ்டுகளை விட்டுவிட்டு காங்கிரஸ் ஆதரவோடு ஆந்திராவின் முதல் முதல்வரானார். 1954 நவம்பரில் மதுவிலக்குப் பிரச்சினையில் ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தார். இரண்டு முறையும் ஒரு வருடத்தை ஒட்டித்தான் ஆயுள்.

டெல்லியும் சும்மா இருந்திருக்காது. அதே 1952-ல் பஞ்சாபை ஒட்டிய பெப்சு மாநிலத்தில் கியான் சிங் ராரேவாலா காங்கிரஸ் அல்லாத கூட்டணி ஆட்சி அமைத்தார். 1953 மார்ச்சில் அங்கே ஜனாதிபதி ஆட்சி வந்துவிட்டது.

ஆனால் அந்த ஒரு வருடம் சாதாரண வருடம் அல்ல. 1952 டிசம்பர் 15-ல் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் இருந்து இறந்தார். ஆந்திரா பிரிவது உறுதியானது, 'மதராஸ் யாருக்கு?' என்ற கேள்வி எழுந்தது. ஆந்திராவின் தலைநகர் தற்காலிகமாகக்கூட சென்னையில் இருக்கக் கூடாது என்று முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டு ராஜாஜி பிடிவாதம் பிடித்தார். பிரகாசமோ 1949 பிரிவினைக் குழுவிலேயே சென்னை நகரை விட்டுக் கொடுக்க முடியாது என்று தனிக் குறிப்பு எழுதியவர். அவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நகரம் கை மாறியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அவரைத் தாங்கிப் பிடித்த தமிழ் உறுப்பினர்கள் அன்றைக்கே கையை எடுத்திருப்பார்கள், ஆட்சி அங்கேயே விழுந்திருக்கும். ஆனாலும் ம.பொ.சி. போன்றவர்களின் போராட்டம் மாகாண அரசையே எதிர்த்து நடந்திருக்கும். தெருவில் ரத்தம் சிந்தாமல் முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அடுத்த விளைவு இன்னும் விசித்திரமானது. ராஜாஜி வராவிட்டால் 1953-ன் குலக்கல்வித் திட்டம் வந்திருக்காது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற அந்தத் திட்டம் இல்லாமல் போனால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதை எதிர்த்து எழுந்த புயலில்தான் ராஜாஜி விலக நேர்ந்தது, 1954 ஏப்ரல் 13-ல் காமராஜர் முதல்வரானார். அந்த நெருக்கடி இல்லாமல், கட்சித் தலைவராக இருப்பதே போதும் என்றிருந்த மனிதர் கோட்டைக்கு வந்திருப்பாரா? வராமல் போயிருந்தால் மதிய உணவும் ஊர் ஊராகத் திறந்த பள்ளிக்கூடங்களும் எந்தக் கணக்கில் சேரும்? ராஜாஜி 1952-ல் உணவு தானியக் கட்டுப்பாட்டை ஒரே அடியாக எடுத்ததையும் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டும். கம்யூனிஸ்டுகளை நம்பி இருக்கும் அரசு அதைச் செய்திருக்காது.

இவ்வளவு பெரிய கிளைப் பாதையின் சாவி கவர்னர் கையில் மட்டும் இருந்ததாக நினைத்தால் அதுவும் பாதி உண்மைதான். மீதி சாவி வட மாவட்டங்களில் இருந்தது. ராமசாமி படையாச்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி தென்னார்க்காட்டிலும், இன்றைய தர்மபுரி, அரூர் எல்லாம் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்திலும் வேர் விட்ட கட்சி. அவர்களுக்கு 19 பேர். மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 பேர். இரண்டுமே முதலில் பிரகாசத்தின் முன்னணியில் இருந்தவை. மாணிக்கவேலர் ராஜாஜியின் மந்திரிசபையில் சேர்ந்தார். படையாச்சி வெளியே இருந்து ஆதரவு தந்தார்.

(அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன்தான் அதிக ஓட்டு வாங்கினார். ஹென்றி கிளேயின் ஆதரவோடு குவின்சி ஆடம்ஸ் ஜனாதிபதியானார், கிளே வெளியுறவு மந்திரியானார். ஜாக்சன் ஆட்கள் நான்கு வருடம் அதைச் சொல்லியே பிரசாரம் செய்து 1828-ல் ஜெயித்தார்கள்.)

166-ல் 25 போனால் 141. 1952 ஜூலையில் நம்பிக்கை ஓட்டெடுப்பு வந்தபோது ராஜாஜிக்கு 200, எதிராக 151. படையாச்சி அமைச்சரானது 1954-ல், காமராஜர் மந்திரிசபையில்.