வகையறான்னா யாரு?

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு வார்த்தைதான். உயிரியல்ல அதை ‘கிளேட்’னு சொல்வாங்க. கிரேக்க மொழியில கிளைன்னு அர்த்தம். 1950-கள்ல ஜூலியன் ஹக்ஸ்லி இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வரையறை ரொம்பச் சின்னது: ஒரு மூதாதையும், அதோட எல்லா வாரிசுகளும். ஒண்ணைக்கூட விடக்கூடாது.

இதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு யோசிச்சப்போ, எங்க பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் தினமும் பேசுற சொல்தான் ஞாபகம் வந்துச்சு: வகையறா. இன்னார் வகையறான்னா, அவர் வழியில வந்தவங்க எல்லாரும். வேடிக்கை என்னன்னா, இது ‘முதலியன’ன்னு பொருள் தர்ற அரபுச் சொல், உருது வழியா நம்மகிட்ட வந்தது. பட்டாவுல ‘ராமசாமி வகையறா’ன்னு இருந்தா ‘ராமசாமியும் மற்றவர்களும்’னுதான் அர்த்தம். ஆபீஸ் பாஷை எப்படியோ குலதெய்வக் கோயிலுக்குள்ள போய் வம்சமா மாறிடுச்சு.

டார்வின் கதையும் கொஞ்சம் இப்படித்தான். 1859-ல வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ முதல் பதிப்புல ‘எவல்யூஷன்’ங்கிற வார்த்தையே கிடையாது. அதோட வினை வடிவம் மட்டும் புத்தகத்தோட கடைசிச் சொல்லா வருது. அவர் பயன்படுத்தினது ‘டிசென்ட்’, அதாவது வம்சாவளி. மாற்றத்தோடு கூடிய வம்சாவளி. உயிர்களை வகைப்படுத்துறதே குடும்ப உறவைத் தேடுறதுதான்ங்கிறது அவரோட வாதம். அந்தப் புத்தகத்துல இருக்கிற ஒரே படமும் கிளை பிரியுற வரைபடம்தான்.

அதனால ‘குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னா இன்னும் ஏன் குரங்கு இருக்கு’ன்னு கேட்கிறவங்களுக்கு நம்ம ஊர் பாஷையிலயே பதில் சொல்லிடலாம். சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்ல, பங்காளி. சுமார் 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி பாகம் பிரிஞ்சவங்க. பங்காளி இன்னும் உசுரோட இருக்கிறதுல என்ன ஆச்சரியம்? கோழியைப் பாருங்க. முதலைக்கு ஓணானைவிடக் கோழிதான் நெருங்கின பங்காளி. பார்க்க யாரு யாரு மாதிரி இருக்காங்கங்கிறது கணக்குல வராது.

ஆனா ‘கிளேட்’டை அப்படியே ‘வகையறா’ன்னு மொழிபெயர்த்துட முடியாது. கோயில் கும்பிடுக்குத் தலைக்கட்டு வரி போடும்போது கல்யாணம் ஆன ஆம்பளைங்க கணக்குதான் எடுப்பாங்க. கட்டிக்கொடுத்த பொண்ணு புருஷன் வீட்டுச் சாமிக்குப் போயிடுவா. எங்க அக்காவும் நானும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவங்க. நோட்டுல என் பேர் இருக்கு, அவ பேர் இல்ல. பாதி வாரிசை வெட்டிட்டு மீதியை மட்டும் வச்சிருக்கிற கூட்டத்தை உயிரியல்காரங்க கிளேட்னு ஒத்துக்கவே மாட்டாங்க. பறவையை விட்டுட்டு ‘ஊர்வன’ன்னு சொல்றதையும் இதே காரணத்துக்காகத்தான் அவங்க ஏத்துக்கிறதில்ல.

இது வெறும் சொல் சண்டை இல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் பிச்சப்பன் குழு ரத்த மாதிரிகள் எடுத்து ஆய்வு பண்ணாங்க. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருத்தர்கிட்ட எம்130-ங்கிற மரபணு அடையாளம் கிடைச்சுது. ஸ்பென்சர் வெல்ஸ் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். உடனே ‘முதல் இந்தியன் நம்ம ஆளு’ன்னு ஜாதி போஸ்டர் மனநிலை கிளம்பிடுச்சு. எனக்கு இது சுத்தமாப் பிடிக்காத இடம். எம்130 இருக்கிறது ஒய் குரோமோசோம்ல. அது அப்பா, அப்பாவோட அப்பான்னு ஒரே கோட்டுல மட்டும் போகும். பத்துத் தலைமுறை மேல போனா உங்களுக்கு 1,024 மூதாதை இடங்கள் இருக்கும். (சொந்தத்துலயே கட்டிக்கிற நம்ம ஊர்ல ஒரே ஆளு நாலஞ்சு இடத்துல உட்கார்ந்திருப்பார், அது வேற.) அதுல ஒரே ஒரு இடத்தைத்தான் அந்தச் சோதனை காட்டுது. மீதி 1,023 பேரைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. கிட்டத்தட்ட தலைக்கட்டு நோட்டு மாதிரியேதான். அதோட, அதே எம்130 ஆஸ்திரேலியப் பழங்குடிகள்கிட்டயும் இருக்கு. அவங்களுக்கும் வரி போடுவீங்களா?

தாய் வழிக்கு மைட்டோகாண்ட்ரியா இருக்கு. அம்மா, அம்மாவோட அம்மான்னு அதுவும் ஒரே கோடுதான். டெஸ்ட் கிட் வாங்கப் போறவங்க ஒண்ணு கவனிங்க: ஆம்பளைங்களுக்கு ரெண்டு கோடும் தெரியும். பொண்ணுங்களுக்கு ஒய் கிடையாது. தகப்பன் வழிக் கோட்டைப் பார்க்கணும்னா அப்பாவோ கூடப்பிறந்த அண்ணன் தம்பியோ எச்சில் மாதிரி கொடுக்கணும்.